தினசரி கிரகணம்

2005 செப்டம்பர் 24, சனிக்கிழமை. காப்பி ஆறிப்போனதுகூடத் தெரியாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மெக்ஸிகோ வளைகுடாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் மெக்ஸிகோ வளைகுடாவுக்கும் அதுவரை எந்தச் சம்பந்தமும் இருந்ததில்லை. அதன் வடமேற்கு ஓரத்தில் ஹூஸ்டன் இருக்கிறது. ஹூஸ்டனில் என் பெண்ணும் மாப்பிள்ளையும் எட்டு மாசப் பேரனும் இருந்தார்கள்.

வளைகுடாவில் வந்துகொண்டிருந்த புயலுக்கு ரீட்டா என்று பெயர். ஏதோ கான்வென்ட் டீச்சர் பெயர் போலச் சாதுவாக இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். இரண்டு நாள் முன்னால் அதன் காற்று மணிக்கு 285 கிலோமீட்டரைத் தொட்டிருந்தது. கத்ரீனா வந்து நியூ ஆர்லியன்ஸ் மூழ்கி இன்னும் ஒரு மாசம்கூட ஆகவில்லை. வீட்டுக் கூரைகளில் நின்றுகொண்டு கையாட்டிய ஜனங்களை டி.வி.யில் எல்லோரும் பார்த்திருந்தார்கள். ஹூஸ்டனில் 'கிளம்புங்கள்' என்று சொன்னதும், கிளம்ப வேண்டியவர்கள், வேண்டாதவர்கள் எல்லோரும் ஒரே நாளில் காரை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். இருபத்தைந்து லட்சத்துக்கும் மேல்.

என் பெண்ணும் கிளம்பினாள். வியாழக்கிழமை விடிகாலை. பத்து மணி நேரத்தில் நாற்பது கிலோமீட்டர் போனார்கள். ஏ.சி. போட்டால் பெட்ரோல் தீர்ந்துவிடும் என்று ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, குழந்தைக்கு ஈரத்துணி போட்டுக்கொண்டு... வழியில் இருந்த பங்க் எல்லாவற்றிலும் 'ஸ்டாக் இல்லை' போர்டு. பாதி டாங்க் தீர்ந்ததும் மாப்பிள்ளை ஒரு முடிவெடுத்து வண்டியைத் திருப்பினார். திரும்பி வர ஒரு மணி நேரம்கூட ஆகவில்லையாம். அந்தப் பக்கம் ரோடு காலி.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு, அதாவது அவர்களுடைய வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு, போன் வந்தது. "அப்பா, பாத்ரூம்ல மெத்தை போட்டுண்டு இருக்கோம். அங்க மட்டும்தான் ஜன்னல் இல்லை. அப்புறம் பேசறேன்."

அப்புறம் பேசவில்லை. நாங்கள் அடித்தால் 'ஸ்விட்ச்டு ஆஃப்' என்று ஓர் அமெரிக்கப் பெண்மணி நயமாகச் சொன்னாள்.

வீட்டுக்கு பிராட்பேண்ட் வந்து ஒரு மாசம் ஆகியிருந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் தளத்தில் சாட்டிலைட் படம் சுடச்சுடப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். நீலம், பச்சை, மஞ்சள், நடுவில் ரத்தச் சிவப்பு. சிவப்புக்கு நடுவில் புயலின் கண். ஒவ்வொரு படத்திலும் கண் அரை விரல்கடை வடமேற்கே நகரும். ஹூஸ்டனுக்குக் கிழக்கே விலகிப்போகும் என்றுதான் நிபுணர்கள் சொல்லியிருந்தார்கள். ஆனால் பெற்றவனுக்கு நிபுணர்கள் மேல் எவ்வளவு நம்பிக்கை வரும்? ஸ்கிரீனில் ஸ்கேலை வைத்து அளந்துகொண்டிருந்தேன்.

ஒன்பதேகால் வாக்கில் படம் நின்றுபோனது.

அதே படம். அதே நேர முத்திரை. ஒன்பதரைக்கும் அதே, ஒன்பதே முக்காலுக்கும் அதே. மோடத்தை அணைத்துப் போட்டேன். கனெக்‌ஷன் கொடுத்த கம்பெனியைத் திட்டினேன். மற்ற தளங்கள் எல்லாம் நன்றாக வந்தன. கிரிக்கெட் ஸ்கோர் வந்தது. ரீட்டா மட்டும் அசையவில்லை.

"என்னங்க, புயல் நின்னுடுத்தா?" என்றாள் மனைவி, அபார நம்பிக்கையுடன்.

பக்கத்துத் தெருவில் வானிலை இலாகாவில் முப்பது வருஷம் இருந்து ரிடையரான நண்பர் ஒருவர் இருக்கிறார். போன் செய்தேன். என் பதற்றத்தை முழுசாகக் கேட்டுவிட்டு, "இன்னிக்கு என்ன தேதி சார்?" என்றார்.

"செப்டம்பர் இருபத்தி நாலு."

"அங்க மணி என்ன?"

"ராத்திரி பதினொண்ணு தாண்டிடுத்து."

"அப்ப கிரகணம். காமிராவை மூடியிருப்பான். வரேன், இருங்க."

பத்து நிமிஷத்தில் வந்தார். நேராகச் சமையலறைக்குப் போய் சட்னிக்கு வைத்திருந்த தேங்காயை எடுத்துக்கொண்டார். என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. மற்ற நாளாக இருந்தால் சொல்லியிருப்பாள். தேங்காயின் நடுவில் சாக்பீஸால் ஒரு கோடு. அது பூமத்திய ரேகை. ஒரு புளியங்கொட்டை. அது சாட்டிலைட். திரைச்சீலையை இழுத்துவிட்டு ஸ்டூல் மேல் டார்ச்சை வைத்தார். அது சூரியன்.

வானிலைப் படம் அனுப்பும் சாட்டிலைட்டுகளில் முக்கியமான ஒரு வகை பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் ஒரு சுற்றுக்கு ஒரு நாள் ஆகும். கீழே பூமியும் ஒரு நாளில் சுற்றுவதால் நமக்கு அது ஒரே இடத்தில் நிற்பதுபோல் இருக்கும். பெருமாள் பாஷையில் நின்ற கோலம். அதனால்தான் புயலை ராப்பகலாக விடாமல் பார்க்க முடிகிறது. ரீட்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தது கோஸ்-12. 2001-ல் ஏவப்பட்டு, அமெரிக்காவின் கிழக்குப் பாதிக்குக் காவலாக 75 டிகிரி மேற்கில் நின்றுகொண்டிருந்தது.

தேங்காயைப் பூமி என்று வைத்துக்கொண்டால் இந்தப் புளியங்கொட்டை தேங்காயின் மையத்திலிருந்து கிட்டத்தட்ட ஒரு முழத் தூரத்தில் சுற்றுகிறது. நண்பர் தேங்காயின் தலையை டார்ச்சை நோக்கிச் சாய்த்தார். இது ஜூன் மாசம். சாக்பீஸ் கோட்டை ஒட்டிக் கொட்டையைச் சுற்றினால், பின்பக்கம் போகும்போது அது தேங்காயின் நிழலுக்கு மேலே போய்விடுகிறது. நிஜக் கணக்கில் நிழலின் விளிம்பிலிருந்து பத்தாயிரம் கிலோமீட்டர் தள்ளி. தலையை மறுபக்கம் சாய்த்தார். டிசம்பர். இப்போது நிழலுக்குக் கீழே போகிறது. இரண்டு காலத்திலும் சாட்டிலைட்டுக்கு ராத்திரி என்பதே கிடையாது. இருபத்திநாலு மணி நேரமும் வெயில்.

பிறகு தேங்காயை நேராக நிமிர்த்தினார். மார்ச், செப்டம்பர். பகலும் இரவும் சமமாக இருக்கும் நாட்கள். கொட்டை சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்தது. இருட்டில் மறைந்துபோனது.

"அவ்வளவுதான் சார் விஷயம்."

சமநாளுக்கு மூன்று வாரம் முன்பு ஆரம்பித்து மூன்று வாரம் பின்பு வரை, அதாவது ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் பாதி வரைக்கும், அதேபோல பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் பாதி வரைக்கும், தினம் ஒரு தடவை சாட்டிலைட் பூமியின் நிழலுக்குள் நுழைந்து வெளியே வருகிறது. முதல் நாள் சில நிமிஷம். நாளாக நாளாக வளர்ந்து சமநாளை ஒட்டி 72 நிமிஷம். அதாவது ஒரு சுற்றில் இருபதில் ஒரு பங்கு. பிறகு தேய்ந்து மறைகிறது. நாற்பத்தைந்து நாள், கிட்டத்தட்ட ஒரு மண்டலம். நமக்கெல்லாம் கிரகணம் எப்போதோ ஒருமுறை. அன்று சாப்பிடக்கூடாது என்று பாட்டி சொன்னதை மீறி எதையாவது கொறித்தும் விடுகிறோம். இதற்குத் தினசரி கிரகணம், நிஜமாகவே உபவாசம். சாட்டிலைட்டின் ஒரே சாப்பாடு சூரிய வெளிச்சம்தான்.

நிழல் எப்போது வரும்? சாட்டிலைட் எந்த தீர்க்கரேகையில் நிற்கிறதோ அந்த இடத்தின் நடுநிசியில். கோஸ்-12-க்கு அது நம் கடிகாரத்தில் காலை பத்தரைக்குக் கொஞ்சம் முன்னால். சமநாள் செப்டம்பர் 22. ரீட்டா கரையைத் தொட இருந்ததோ 24-ஆம் தேதி. ஆறு மாசத்துக்கு ஒருமுறை வரும் நீளமான இருட்டும் வளைகுடாவின் மகா புயலும் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்திருந்தன.

இதைத் தற்செயல் என்று முழுசாகத் தள்ளிவிட முடியாது. அட்லாண்டிக் புயல்களின் உச்சம் செப்டம்பர். உலகம் முழுக்க வேறு மாசங்கள் இருக்க, சாட்டிலைட்டின் விரத மாசமும் அதுவே. புயலுக்குப் பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்திருக்கிறது.

"சரி, பேட்டரி இருக்குமே?" என்றேன்.

"உங்க வீட்ல இன்வர்ட்டர் இருக்கா? கரண்ட் போனா அதுல என்ன போடறீங்க?"

"ரெண்டு ஃபேன், ரெண்டு லைட்டு."

"மிக்ஸி?"

மிக்ஸி போட மாட்டோம். ஃபிரிட்ஜ் ஓடாது. சாட்டிலைட்டிலும் அதே கதை என்றார். நிழலுக்குள் போனதும் வெளிப்பாகங்கள் சூடு இழந்து நூறு டிகிரிக்கும் மேல் இறங்குகின்றன. எரிபொருள் குழாய் உறையாமல் இருக்க ஹீட்டர் வேண்டும். பூமியை நோக்கியே நிற்க உள்ளே சக்கரங்கள் சுழல வேண்டும். கீழே இருப்பவன் கட்டளை கொடுத்தால் கேட்க ரேடியோ வேண்டும். இதெல்லாம் உயிர். படம் எடுப்பது மிக்ஸி. அந்தக் காலத்து அமெரிக்க வானிலை சாட்டிலைட்டுகளின் பேட்டரி உயிரைத்தான் காப்பாற்றியது. காமிராவை நிறுத்திவிடுவார்கள். பெரிய பேட்டரி வைத்திருக்கலாம்தான். ஆனால் மேலே அனுப்புகிற ஒவ்வொரு கிலோவுக்கும் விலை உண்டு. வருஷத்துக்குத் தொண்ணூறு தடவை காலியாகி நிரம்பி, பத்து வருஷம் தாங்கவும் வேண்டும். யாரோ ஒரு மேஜையில் உட்கார்ந்து, வருஷத்தில் எல்லா இருட்டையும் கூட்டிப் பார்த்தால் நாலு நாள்கூட வரவில்லை, போகட்டும் என்று கையெழுத்துப் போட்டிருப்பார் என்று தோன்றியது. அந்த நாலு நாளில் ஒரு மணி நேரம் என் வீட்டு மணி நேரமாக இருக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இந்த இருட்டு யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. ஜியோஸ்டேஷனரி சாட்டிலைட்டுகளை வைத்து உலகம் முழுவதும் செய்தி அனுப்பலாம் என்று ஆர்தர் சி. கிளார்க் 1945 அக்டோபரில் 'வயர்லெஸ் வேர்ல்ட்' பத்திரிகையில் எழுதினார். பிற்பாடு கொழும்பில் வந்து குடியேறினாரே, அவரேதான். ஸ்புட்னிக்குக்குப் பன்னிரண்டு வருஷம் முன்னால். அந்தக் கட்டுரையிலேயே சமநாட்களை ஒட்டி நிழல் விழும் என்பதைக் கணக்குப் போட்டுவிட்டு, ஒரு மணி நேரத்துச் சொச்சம்தானே, மின்சாரத்தைச் சேமித்துச் சமாளித்துவிடலாம் என்றும் எழுதிவிட்டார். தீர்க்கதரிசிகளுக்குப் பேட்டரியின் எடை ஒரு பொருட்டே அல்ல.

"பேட்டரியைப் பெரிசாக்கினா தீர்ந்துபோச்சா?"

"பாதிதான் தீரும்," என்று தேங்காயை மறுபடி எடுத்தார். நிழலுக்குள் நுழைவதற்குச் சற்று முன்னால் பாருங்கள். சாட்டிலைட்டின் காமிரா பூமியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. சூரியன் பூமிக்குப் பின்னால் மறையப் போகிறது. மறைவதற்கு முன் விளிம்பை ஒட்டி, நேராகக் காமிராவின் வாய்க்குள் எட்டிப் பார்க்கிறது. வெளியே வரும்போது மறுவிளிம்பில் மறுபடி ஒருமுறை. கல்யாண போட்டோகிராபர் சூரியனுக்கு எதிரே காமிராவைப் பிடிக்க மாட்டார். இங்கே காமிரா என்பது மேகத்தின் சூட்டை 36,000 கிலோமீட்டரிலிருந்து தடவிப் பார்க்கிற சமாச்சாரம். கடுங்குளிரில் வைத்திருந்தால்தான் வேலை செய்யும். அந்தக் குளிருக்காகவே கோஸ்-12-ல் சூரியத் தகடுகளை ஒரே பக்கத்தில் வைத்து, மறுபக்கம் காமிராவின் குளிர்விப்பானுக்கு இருண்ட வானத்தைக் காட்டினார்கள். ஒற்றைச் சிறகுப் பறவை. வெயில் அந்த ஒரு சிறகைத் தள்ளித் தள்ளிச் சாட்டிலைட்டையே திருப்பிவிடும் என்று எதிர்ப்பக்கம் நீளக் கம்பு நுனியில் ஒரு பாயைக் கட்டிச் சமன் செய்தார்கள். ஆம், வெயிலுக்குத் தள்ளுகிற சக்தி உண்டு. மிகக் கொஞ்சம். ஆனால் விடாமல் தள்ளும். இத்தனை உபசாரம் செய்து குளிர வைத்த காமிராவுக்குள் சூரியனையே விடுவார்களா? அந்த நேரமும் படம் கிடையாது. ஆக 72 நிமிஷ நிழலுக்கு இரண்டு மூன்று மணி நேரப் படம் போய்விடும்.

நம்மூரில் இதற்கு ஒரு தம்பி உண்டு. மார்ச்சிலும் செப்டம்பர், அக்டோபரிலும் பட்டப்பகலில் சில நிமிஷம் டி.வி. புள்ளி புள்ளியாகப் போகும். கேபிள்காரரைக் கேட்டால் 'சன் அவுட்டேஜ்' என்பார். அது சாட்டிலைட்டுக்கு நேர் பின்னால் சூரியன் வந்து நம் டிஷ்ஷுக்குள் இரைச்சலைக் கொட்டுவது. சீசன் ஒன்று, காரணம் வேறு. அங்கே சீரியல் பார்க்கிறவர்களின் சாபம் மட்டும்தான் ஆபத்து.

"அப்ப இந்த மூணு மணி நேரம் அமெரிக்காவே குருடா?"

"சேச்சே. உங்களுக்குத்தான் சார் ஒரு கண்ணு. அவங்களுக்கு நிறைய."

கரையோர ரேடார்கள் இருந்தன. புயலுக்குள்ளேயே பறந்து கருவிகளைப் போட்டு அளக்கிற விமானங்கள் இருந்தன. துருவத்தைச் சுற்றித் தாழ்வாகப் பறக்கும் சாட்டிலைட்டுகள் அவ்வப்போது வந்து பார்த்துவிட்டுப் போகும். அதோடு மேற்கே 135 டிகிரியில் கோஸ்-10 நின்றுகொண்டிருந்தது. அதற்கும் கிரகணம் உண்டு. ஆனால் அறுபது டிகிரி தள்ளி இருப்பதால் அதன் நடுநிசி நாலு மணி நேரம் கழித்துத்தான். ஒன்று தூங்கும்போது மற்றது விழித்திருக்கும். இந்தக் கிரகண நேரங்களை முன்கூட்டியே அட்டவணை போட்டு வைத்திருப்பார்கள் என்றும் சொன்னார். இது எனக்கு அதிசயமாக இருந்தது. புயல் நாளைக்கு எங்கே போகும் என்று நிச்சயமில்லை. காமிரா எப்போது மூடும் என்பது மட்டும் நிமிஷ சுத்தமாகத் தெரியும்.

நண்பரே கீபோர்டை வாங்கித் தேடி மேற்குச் சாட்டிலைட்டின் படத்தைப் பிடித்தார். பூமியின் ஓரத்தில், தட்டைப் பக்கவாட்டில் பார்ப்பதுபோலச் சாய்வாக ரீட்டா. அசைந்திருந்தது. "இதுல ஹூஸ்டன் எங்கே?" என்று மனைவி கேட்க, அவர் புளியங்கொட்டை இருந்த கையால் இடது பக்கத்தைத் தொட்டுக் காட்டினார். கண் அதற்கு வலதுபக்கமாகவே போய்க்கொண்டிருந்தது. அவள் அந்த இடத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதெல்லாம் இப்போது பழங்கதை. 2006 மே மாசம் ஏவிய கோஸ்-13-ல் நிழல் நேரத்திலும் காமிராவை ஓட்டுகிற அளவுக்குப் பேட்டரி வைத்தார்கள். 2010-ல் அது கிழக்குக் காவலுக்கு வந்தபின் அந்த நீண்ட இருட்டு போய்விட்டது. சூரியன் எட்டிப் பார்க்கும் நேரத்தில் மட்டும் படத்தின் ஒரு பகுதியை வெட்டிவிட்டு மீதியை எடுத்தார்கள். 2016-ல் போன கோஸ்-16 இன்னும் கெட்டிக்காரப் பிள்ளை. கோஸ்-12-ஐத் தென் அமெரிக்காவுக்குக் காவல் வைத்து, 2013-ல் ஓய்வு கொடுத்தார்கள்.

நம் பக்கத்துக் கணக்கையும் ஒருநாள் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். 2016-க்குப் பிறகு நம் வானிலைக்காக 82 டிகிரி கிழக்கில் இன்சாட்-3டி, 74-ல் இன்சாட்-3டிஆர் என்று இரண்டு நின்றன. எட்டு டிகிரி வித்தியாசம். அதாவது நடுநிசிகளுக்கு நடுவே 32 நிமிஷம். 72 நிமிஷ நிழலில் 32 போனால், சமநாளை ஒட்டி நாற்பது நிமிஷம் இரண்டும் ஒரே சமயத்தில் நிழலில்தான் இருக்கும். அமெரிக்கர்கள் போல அறுபது டிகிரி தள்ளி வைக்க நமக்கு இடமில்லை. நாம் பார்க்க வேண்டிய கடல் இங்கேதான் இருக்கிறது. ஜப்பானியர்களின் ஹிமாவாரியும் ஐரோப்பியர்களின் மீட்டியோசாட்டும் வேறு வேறு நேரத்தில் நிழலுக்குப் போவதால் பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்துக்கொள்ளலாம். ஒடிஸாவில் கோபால்பூரை ஃபைலின் தாக்கியது 2013 அக்டோபர் 12. விசாகப்பட்டினத்தை ஹுட்ஹுட் தாக்கியது 2014 அக்டோபர் 12. இரண்டுமே கிரகண சீசனின் கடைசி நாட்கள். வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டுக்கு வருவதற்குள் சீசன் முடிந்துவிடுகிறது என்பதில் எனக்கு ஓர் அல்பத் திருப்தி.

சனிக்கிழமைக்குத் திரும்புகிறேன். பன்னிரண்டு நெருங்கும்போது கிழக்குச் சாட்டிலைட்டின் படம் மறுபடி வந்தது. எதுவுமே நடக்காததுபோல. ஒன்றேகாலுக்கு ரீட்டா டெக்ஸஸ், லூயிஸியானா எல்லையை ஒட்டிக் கரையேறியதாக அறிவித்தார்கள். ஹூஸ்டனுக்குக் கிழக்கே. நண்பர் தேங்காயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார். நாங்கள் சாப்பிடவில்லை.

பெண்ணின் போன் மட்டும் வரவில்லை.

பிற்பாடு செய்திகளில் படித்தேன். ரீட்டாவால் நூறு பேருக்கும் மேல் இறந்தார்கள். பெரும்பாலும் காற்றிலோ வெள்ளத்திலோ இல்லை. ஊரைவிட்டுக் கிளம்பிய அந்த ரோட்டில். வெயிலிலும் களைப்பிலும். டாலஸ் அருகே ஒரு பஸ் தீப்பிடித்து, முதியோர் இல்லத்திலிருந்து அழைத்துப்போன 23 பேர் இறந்தார்கள். என் பெண்ணும் பேரனும் பத்து மணி நேரம் நின்றிருந்த அதே வெயில். அந்த வியாழக்கிழமை நான் நிம்மதியாகத் தூங்கினேன். ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டார்கள், இனிக் கவலையில்லை என்று. எந்தச் சாட்டிலைட் படத்திலும் ரோடு தெரியவில்லை.

ரெண்டரை மணிக்கு போன் அடித்தது. மனைவிதான் ஓடிப்போய் எடுத்தாள். ஸ்பீக்கரில் போடச்சொன்னேன்.

"அம்மா, நாங்க நல்லா இருக்கோம். காத்துதான் சத்தம். பின்பக்க வேலி விழுந்துடுத்து. குழந்தை தூங்கறான்."

"ஏண்டி போனை அணைச்சு வெச்சே? இங்க உயிரே போயிடுத்து."

"ராத்திரியே கரண்ட் போயிடும்மா. சார்ஜ் ஒரே ஒரு கோடுதான் இருந்தது. குழந்தைக்கு ஏதாவதுன்னா ஆம்புலன்ஸைக் கூப்பிடணுமேன்னு அணைச்சு வெச்சேன். நீங்கதான் கம்ப்யூட்டர்ல பாத்துண்டிருப்பீங்கன்னு தெரியும். வெச்சுடறேன், சரியா?"

வைத்துவிட்டாள். பதினைந்து வினாடிகூட இருக்காது. மனைவி ரிசீவரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு சமையலறைக்குப் போய் தேங்காயை உடைத்தாள்.